எழுத்துக்கு எழுத்து: ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக்கின் கடைசி எட்டு ஆண்டுகள்

நோயாளி: ஆண், வயது 35. இருப்பிடம்: ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட். வேலை: பெரியவர்களுக்கான யூதக் கல்விக்கூடம் ஒன்றின் தலைவர்; தத்துவ எழுத்தாளர். கல்யாணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன, மனைவி கருவுற்றிருக்கிறார். 1921இன் இறுதியில் உடம்பு சொன்னபடி கேட்காமல் போகத் தொடங்கியது. 1922இன் தொடக்கத்தில், நண்பரும் மருத்துவருமான ரிச்சர்ட் கோஹ் நோயைக் கண்டுபிடித்துச் சொன்னார்: அமையோட்ரோஃபிக் லேட்டரல் ஸ்க்ளிரோசிஸ். இன்று ஏ.எல்.எஸ். என்று சுருக்கிச் சொல்கிறோம். அதிகம் போனால் ஓராண்டு என்பது எதிர்பார்ப்பு. 1929 டிசம்பர் 10 வரை இருந்தார்.

நோயும் வாழ்வின் நோக்கமும் என்று பேச்சு வந்தாலே நம்மிடையே இரண்டு விதமான கதைகள்தான் உலவுகின்றன. மன உறுதியால் நோயை வென்றவர் கதை ஒன்று. நோய்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது என்பவர் கதை இன்னொன்று. ரோசன்ஸ்வைக்கின் கதை இரண்டிலும் அடங்காது. அவர் நோயை வெல்லவில்லை, மாதாமாதம் அதனிடம் தோற்றார். நோய் அவருக்குப் புதிதாக எதையும் கற்றுத்தந்ததாகவும் தெரியவில்லை. நோயில் படுப்பதற்கு முன்னால் எந்த வேலையைக் கையில் எடுத்திருந்தாரோ அதையே வேறு வேகத்தில், வேறு கருவிகளோடு, வேறு பலருடைய கைகளைக் கொண்டு செய்துகொண்டே போனார். இதை விரிவாக எழுத எடுத்துக்கொண்டதற்குக் காரணமே அதுதான்.

நோய்க்கு முன்

1886 டிசம்பர் 25 அன்று காசெல் நகரில் பிறந்தார். வசதியான யூதக் குடும்பம். யூதர் என்பது பெயரளவில்தான். முதலில் மருத்துவம் படிக்கப் போய், பிறகு வரலாற்றுக்கும் தத்துவத்துக்கும் மாறி, ஜெர்மன் தத்துவவாதி ஹெகலின் அரசியல் சிந்தனையில் முனைவர் பட்டம் வாங்கினார். 1913 ஜூலையில் லைப்சிக்கில், கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்த நண்பர் யூஜென் ரோசன்ஸ்டாக்கோடு ஓர் இரவு நடந்த வாக்குவாதத்தின் முடிவில் தானும் ஞானஸ்நானம் பெறுவதென்று தீர்மானித்தார். ஆனால் யூதனாக இருந்தே அந்த வாசலுக்குள் போகவேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் போட்டுக்கொண்டார். அந்த ஆண்டு, யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பன்று பெர்லினில் தொழுகைக்குப் போனார். சில நாள் கழித்து உறவினருக்கு எழுதிய கடிதத்தில், ஆகவே நான் யூதனாகவே இருக்கிறேன் என்று இருந்தது. அந்த ஒரு நாளைப் பற்றி ஏகப்பட்ட கதைகள் உண்டு. உள்ளே என்ன நடந்தது என்று அவர் எழுதிவைக்கவில்லை.

முதல் உலகப் போரில் பால்கன் முனையில் விமான எதிர்ப்புப் படையில் இருந்தபோது தன் பெரிய நூலை எழுதத் தொடங்கினார். போர்முனைத் தபால் அட்டைகளில் எழுதி எழுதி வீட்டுக்கு அனுப்பிய நூல் அது, 1921இல் வெளிவந்தது. மரணத்தில் தொடங்கி, 'வாழ்வுக்குள்' என்ற சொல்லோடு முடியும். நோயாளி எழுதிய நூல் என்று நினைத்துப் பலர் இதை மேற்கோள் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் அப்போது நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த முப்பத்திரண்டு வயதுக்காரர்.

இன்னொன்றும் உண்டு. 1921 கோடையில் சின்னதாக ஒரு நூல் எழுதி, வேண்டாம் என்று வெளியிடாமலே வைத்துவிட்டார். அதில் வரும் நோயாளி, எதையெடுத்தாலும் அதன் சாரம் என்ன என்று கேட்டுக் கேட்டு, கைகால் அசையாமல் முடங்கிப்போகிறவர். தத்துவ நோய் பிடித்தவரைக் கேலி செய்ய எழுதிய கற்பனை அது. எழுதிய கை சில மாதங்களில் உண்மையாகவே தளர ஆரம்பித்தது. இதில் விதியின் விளையாட்டைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த நூல் சொல்லும் மருந்து. யோசனையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு எழுந்து அன்றாட வேலையைப் பார் என்பதே அது.

பெர்லினில் பல்கலைக்கழக வேலைக்கு அவருடைய ஆசிரியர் மைனெக்கே வழி செய்தபோது மறுத்துவிட்டார். அறிஞர்கள் கேட்கும் கேள்விகளைவிட மனிதர்கள் கேட்கும் கேள்விகளுக்கே பதில் தேடப் போகிறேன் என்ற கருத்தில் 1920இல் அவருக்கு நீண்ட கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட்டில் 'லேர்ஹவுஸ்' என்ற கல்விக்கூடத்துக்குப் பொறுப்பேற்றார். எபிரேய எழுத்துக்கூடத் தெரியாத வக்கீல்களும் மருத்துவர்களும் வணிகர்களும் மாலையில் வந்து படித்தார்கள். அவர்களிலிருந்தே ஆசிரியர்களும் வந்தார்கள். மார்ட்டின் பூபர், எரிக் ஃப்ரோம், கெர்ஷோம் ஷோலெம் போன்ற சிந்தனையாளர்கள் வகுப்பெடுத்த இடம். நன்றாக நடந்த காலத்தில் ஆயிரம் பேருக்கு மேல் படித்தார்கள். அது சூடு பிடித்துவந்த நேரத்தில்தான் நோய் வந்தது.

நோயின் போக்கும் கருவிகளும்

இந்த நோயில் இயக்க நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. தசைகள் சூம்புகின்றன, கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியாக மூச்சு. பார்வை, கேட்கும் திறன், தொடு உணர்வு பெரும்பாலும் அப்படியே இருக்கும். பலருக்குச் சிந்தனையும் தெளிவாகவே இருக்கும். நோய் தெரிந்தபின் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை வாழ்வதுதான் வழக்கம்; பத்தைத் தாண்டுபவர்கள் சிலர். ஆயுளைச் சற்றே நீட்டும் முதல் மருந்தான ரிலுசோல் 1990களில்தான் வந்தது. 1922இல் மருந்தும் கிடையாது, வீட்டில் வைத்துக்கொள்ளும் சுவாசக் கருவியும் கிடையாது. சில பருவங்கள் மருத்துவம் படித்தவர் என்பதால், நோயின் பெயரைக் கேட்டதுமே வரப்போவது என்னவென்று அவருக்கு விளங்கியிருக்கும்.

1922 செப்டம்பரில் மகன் ரஃபேல் பிறந்தான். அந்த ஆண்டு முடிவதற்குள் பேனா பிடிக்க முடியாமல் போனது. 1923இல் பேச்சும் போயிற்று.

அதன்பின் அவர் எழுதிய முறையைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். அக்காலத்தில் ஏ.இ.ஜி. நிறுவனம் செய்த தட்டச்சுப் பொறி ஒன்று இருந்தது. விரல்களுக்கு வரிசையாக விசைகள் கிடையாது. எழுத்துகள் எல்லாம் ஒரு பலகையில் அச்சிட்டிருக்கும். அதன்மேல் ஒரு முள்ளை நகர்த்தி வேண்டிய எழுத்தின்மேல் நிறுத்தி, ஒரே ஒரு விசையை அழுத்தினால் அந்த எழுத்து தாளில் விழும். முதலில் முள்ளையும் விசையையும் அவரே இயக்கினார். பிறகு, கம்பியிலிருந்து தொங்கவிட்ட தூளியில் கையைத் தாங்கிக்கொண்டு எழுத்தை மட்டும் காட்டுவார். மனைவி எடித் விசையை அழுத்துவார். இன்னும் கொஞ்ச நாளில் அந்தக் காட்டலும் தெளிவில்லாமல் போக, எடித் ஊகித்து எழுத்தைச் சொல்லிப் பார்ப்பார், அவர் முகக்குறிப்பால் ஆமென்பார். கடைசிக் காலத்தில் அகரவரிசையை எடித் சொல்லிக்கொண்டே வரவேண்டும். சரியான எழுத்து வந்ததும் முகத்தில் தெரியும். ஒரு சொல் முடிந்தால் அடுத்த சொல்.

கண் அசைவைப் படிக்கும் கணினி இன்று வந்துவிட்டது. அது வாங்க வழியில்லாத வீடுகளில் எழுத்துப் பலகையை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் இன்றும் இதையேதான் செய்கிறார்கள்.

இந்த முறையில் எழுதியவர் எழுதியதைக் குறைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் வியப்பு. தத்துவவாதி ஹெர்மன் கோஹனின் யூத எழுத்துகளுக்கு நீண்ட முன்னுரை எழுதினார். தன் பெரிய நூலை விளக்கி 1925இல் ஒரு கட்டுரை எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டு ஸ்பெயினின் யூதக் கவி யூதா ஹலேவியின் பாடல்கள் அறுபதை யாப்பும் எதுகையும் குலையாமல் ஜெர்மனுக்குக் கொண்டுவந்து உரையோடு 1924இல் வெளியிட்டார். 1927இல் அது தொண்ணூற்றிரண்டு ஆனது. ஹலேவி மருத்துவத்தைத் தொழிலாகச் செய்தவர், தன் மருந்தை நம்பாமல் கடவுளை நம்பி மருந்து குடிப்பதாகப் பாடியவர் என்பது கூடுதல் சுவை. இத்தனைக்கும் நடுவில், காசெல் நாளிதழ் ஒன்றுக்கு இசைத்தட்டு விமர்சனமும் எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. உயர்ந்த நோக்கத்துக்காக மட்டுமே மூச்சை மிச்சம் பிடித்தவர் என்ற சித்திரத்தை இந்த ஒரு தகவலே கலைத்துவிடுகிறது. புதிதாக ஒரு தட்டு வந்தால் கேட்டார், பிடித்ததா இல்லையா என்று நாலு பேருக்குச் சொல்ல விரும்பினார்.

பேச முடியாதவர் செய்த மொழிபெயர்ப்பு

1925இல் லாம்பர்ட் ஷ்னைடர் என்ற இளம் பதிப்பாளர், எபிரேய வேதத்தை ஜெர்மனில் புதிதாக மொழிபெயர்க்கும்படி பூபரைக் கேட்டார். ரோசன்ஸ்வைக் கூட வந்தால் செய்வேன் என்றார் பூபர். கேட்கப்பட்டவருக்கு அசைவதற்கு ஒன்றும் மிஞ்சாத கட்டம் அது. மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் பழைய மொழிபெயர்ப்பைத் திருத்தினால் போதும் என்று முதலில் நினைத்து உட்கார்ந்து பார்த்தார்கள். அது ஒத்துவராது என்று சீக்கிரமே தெரிந்துபோனது. பூபர் முதல் படியை எழுதி அனுப்புவார். ரோசன்ஸ்வைக் குறிப்பு, மறுப்பு, மாற்றுச் சொல் எல்லாவற்றையும் எழுத்தெழுத்தாகச் சொல்லி அனுப்புவார். அது மறுபடி போகும், மறுபடி வரும். அச்சுப்படியிலும் இதே சண்டை. பூபர் ஹெப்பன்ஹைமிலிருந்து நேரில் வரும்போது இழுபறியில் நிற்கும் சொற்களைப் பேசி முடிப்பார்கள். 'பேசி' என்றா சொன்னேன்? ஒருவர் பேசுவார், மற்றவர் காட்டுவார்.

அந்த மொழிபெயர்ப்பின் தனித்தன்மை, வாய்விட்டுப் படிப்பதற்கென்றே செய்யப்பட்டது என்பது. வேதம் எழுத்தாவதற்கு முன் பேச்சாக இருந்தது, ஆகவே மனிதன் ஒரு மூச்சில் சொல்லக்கூடிய அளவுக்கு வரியை முறிக்க வேண்டும் என்பது இருவருடைய கொள்கை. எங்கே மூச்சு முடிகிறதோ அங்கே வரி முடியும். மூச்சின் நீளத்தை வைத்து வேதத்தை வரிவரியாக அளந்துகொண்டிருந்த இருவரில் ஒருவருக்குக் குரல் இல்லை. மூச்சுத் தசைகளும் தளர்ந்துவந்தன. இதில் கசப்போ தன்னிரக்கமோ அவர் கடிதங்களில் தலைகாட்டவில்லை. கமா எங்கே வரவேண்டும் என்ற தகராறுதான் இருக்கிறது.

அவர் இறக்கும்போது ஏசாயா ஆகமத்தில் நின்றிருந்தார்கள். மீதியைப் பூபர் தனியாக எடுத்துப் போய் 1961இல் ஜெருசலேமில் முடித்தார்.

யூத மரபு என்ன கொடுத்தது

யூத மரபில் துன்பத்துக்குப் பொருள் சொல்லும் முயற்சிகளுக்குக் குறைவில்லை. அன்பினால் வரும் தண்டனை என்ற கருத்து, யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பான தல்மூதிலேயே உண்டு. அதைப் பேசும் பெராகோத் பகுதியே அடுத்த பக்கத்தில் அதைக் கேள்விக்குள்ளாக்குகிறது. ரப்பி, அதாவது யூத மத ஆசான், ஹியா பார் அப்பா நோயில் கிடக்கிறார். ரப்பி யோகனான் பார்க்க வருகிறார். "உமக்கு இந்தத் துன்பங்கள் பிரியமா?" என்று கேட்கிறார். "அவையும் வேண்டாம், அவற்றுக்கான பலனும் வேண்டாம்" என்று பதில் வருகிறது. "கையைக் கொடும்" என்கிறார் யோகனான். கையைப் பிடித்து எழுப்பிவிடுகிறார். பிறகு யோகனானே நோயில் விழுகிறார். இன்னொருவர் வந்து அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலைப் பெற்று, அதே போலக் கைகொடுத்து எழுப்புகிறார். மற்றவரை எழுப்பியவர் தன்னைத் தானே எழுப்பிக்கொள்ளக் கூடாதா என்று தல்மூத் கேட்டு, தானே பதிலும் சொல்கிறது: சிறையில் இருப்பவன் தன்னைத் தானே விடுவித்துக்கொள்ள முடியாது.

மூன்றாவதாக ஒரு நோயாளியும் வருகிறார். ரப்பி எலெயாசார் இருட்டறையில் அழுதுகொண்டிருக்கிறார். ஏன் அழுகிறீர், படிப்பு போதவில்லையென்றா, செல்வம் இல்லையென்றா, பிள்ளைகளை நினைத்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஆறுதல் சொல்லிப் பார்க்கிறார் யோகனான். அவரே பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். மண்ணில் மட்கப்போகும் உம்முடைய இந்த அழகுக்காக அழுகிறேன் என்று பதில் வருகிறது. அதற்கு அழத்தான் வேண்டும் என்கிறார் யோகனான். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். அதற்கப்புறம்தான் கை நீள்கிறது.

ரோசன்ஸ்வைக் வீட்டில் நடந்ததை இந்தப் பக்கத்தோடு சேர்த்துப் படிக்கலாம் என்பது என் எண்ணம். அவருடைய நோய்க்கு யாரும் காரணம் கண்டுபிடிக்கவில்லை, கை கொடுத்தார்கள். கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் கூடியாக வேண்டும் என்பது பழைய விதி. அதற்கு மினியான் என்று பெயர். தொழுகைக்கூடத்துக்கு அவர் போக முடியாமல் ஆனதும், பத்துப் பேரும் ஷூமன் தெருவிலிருந்த மாடி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஓய்வு நாளிலும் பண்டிகையிலும் அங்கேயே தொழுகை. நோயாளியைப் பார்க்க வருகிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கைத் தன்னோடு எடுத்துப்போகிறார் என்று தல்மூத் சொல்வதுண்டு. இங்கே வந்தவர்கள் பழம் வாங்கிக்கொண்டு விசாரிக்க வந்தவர்கள் அல்லர். எண்ணிக்கைக்கு அவரும் வேண்டும் என்று வந்தவர்கள். பேச முடியாவிட்டாலும் அந்தப் பத்தில் அவரும் ஒருவர். சாகும் தருவாயில் இருப்பவர்கூட எல்லா வகையிலும் உயிரோடிருப்பவராகவே கருதப்பட வேண்டும் என்பது யூதச் சட்டம். சொத்து, திருமணம் என எதிலும் அவரை 'போனவர்' கணக்கில் சேர்க்கக் கூடாது. நம் வீடுகளில் படுத்திருப்பவருக்கு முன்னாலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதர் போலப் பேசுகிறோமே, அதற்கு நேர் எதிரான ஏற்பாடு.

1923இல் ரப்பி லியோ பேக் அவருக்கு 'மொரேனு', அதாவது நம் ஆசான், என்ற பட்டத்தை அளித்தார். வாய் பேச முடியாத ஆசான். அதே ஆண்டு பூபருக்கு அவர் எழுதிய திறந்த மடல் ஒன்று யூதச் சட்டத்தைப் பற்றியது. அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளைகளையும் ஒரேயடியாக ஏற்கவோ தள்ளவோ வேண்டாம், உன்னால் இயல்வது எதுவோ அங்கிருந்து தொடங்கு, இயல்வதன் எல்லை நடக்க நடக்க விரியும் என்பது அதன் போக்கு. வேத வரிகள் வைத்த சிறு பெட்டிகளை யூத முறைப்படி தோல்பட்டையால் கட்டித் தொழுகிறீரா என்று ஒருவர் கேட்டதற்கு 'இன்னும் இல்லை' என்று பதில் சொன்னாராம். அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை. உடம்பால் இயல்வது வாரத்துக்கு வாரம் சுருங்கிய ஒருவர், கட்டளையில் இயல்வது விரியும் என்று எழுதுகிறார். எதை இழந்தாய் என்ற கணக்கு அந்த மடலில் இல்லை, இன்று எது முடியும் என்ற கணக்குதான். அதற்கு நோய் தேவைப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கல்விக்கூடத்தில் ஒன்றும் தெரியாமல் வந்து உட்கார்ந்த வக்கீலிடமும் வணிகரிடமும் அவர் சொல்லிவந்தது இதே பாடம்.

எடித்

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எடித்தை ஒரு வரியில் வணங்கிவிட்டு நகர்கிறார்கள். எட்டு ஆண்டுகளில் ரோசன்ஸ்வைக் எழுதியதில் பெரும்பகுதி இந்தப் பெண்ணின் கை வழியாகவோ காது வழியாகவோதான் வெளியே வந்திருக்கிறது. மற்ற உதவியாளர்களும் இருந்தார்கள், செவிலியும் உண்டு. ஆனாலும் மொழி எடித்துடையது. நோய் தெரிந்தபோது அவருக்கு இருபத்தேழு வயதுகூட முடியவில்லை. கைக்குழந்தை ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம். போதாததற்கு, நண்பர் ரோசன்ஸ்டாக்கின் மனைவி மார்க்ரிட்டுக்கு ரோசன்ஸ்வைக் எழுதிய ஏராளமான கடிதங்கள் 2002இல் அச்சில் வந்தன. கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவர் மனம் எங்கே இருந்தது என்பதை அவை ஒளிக்கவில்லை. நோயாளியின் மனைவி என்றால் தியாகச் சுடர் என்று எழுதிவிடுவது சுலபம். எடித் அந்த வீட்டில் பெற்றதென்ன, விட்டதென்ன என்று கேட்பது அவ்வளவு சுலபமில்லை.

வசதியும் இருந்தது. தந்தை விட்டுப்போன சொத்து, படித்த நண்பர் வட்டம், வீட்டுக்கு வந்து பார்க்கும் மருத்துவர்கள். இவை இல்லாமல் இந்த எட்டு ஆண்டுகள் இல்லை. 'மனம் இருந்தால் மார்க்கம் உண்டு' என்பதற்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதையை ஒரு நோயாளியிடம் கொண்டுபோய் வைப்பது அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்குச் சமம்.

அவரே சொன்னது

1929 ஜூனில் தாய்க்கு எழுதிய கடிதத்தில், வலி, துன்பம் போன்ற சொற்கள் தனக்கு அந்நியமாகப் படுகின்றன என்கிறார். படிப்படியாகச் சறுக்கி வந்து பழகிப்போன ஒரு நிலை அது. வேறெந்த நிலையையும் போல அதிலும் மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் இடமிருக்கிறது. வெளியிலிருந்து துன்பமாகத் தெரிவது உள்ளே பார்த்தால் கடக்கவேண்டிய பெரும் இடைஞ்சல்களின் கூட்டுத்தொகை, அவ்வளவுதான். தாயைத் தேற்றச் சொன்ன வார்த்தையாகவும் இருக்கலாம். ஆனால் இடைஞ்சல் என்றால் அதற்கு வழி தேடலாம், தூளி கட்டலாம், பொறி வாங்கலாம், அகரவரிசை சொல்லலாம். துன்பம் என்று பெயரிட்டால் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாது. அந்த வீடு இயங்கிய விதத்தைப் பார்த்தால் கடிதத்தை நம்பலாம் என்றே தோன்றுகிறது.

இறப்பதற்கு முன் எழுத்தெழுத்தாக ஒரு வாக்கியம் சொல்லத் தொடங்கினார். எல்லாப் புள்ளிகளுக்கும் மேலான புள்ளி ஒன்றை ஆண்டவர் தூக்கத்தில் எனக்கு வெளிப்படுத்தினார், அது வருகிறது என்று போய்க்கொண்டிருந்தது. மருத்துவர் உள்ளே வந்ததால் பாதியில் நின்றது, பிறகு தொடரவில்லை. அந்தப் புள்ளி என்னவாக இருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அடக்கத்தில் புகழுரை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பூபர் எபிரேய வேதத்தின் துதிப்பாடல்களில் 73ஆம் சங்கீதத்தை வாசித்தார். "ஆனாலும் நான் எப்பொழுதும் உம்மோடிருக்கிறேன்" என்று தமிழ் வேதாகமத்தில் வரும் வரி அதிலுள்ளது. கல்லறைக்கென்று அவர் தேர்ந்துவைத்ததும் அந்த வரியே.

பேலியேட்டிவ் கேர், அதாவது குணமாகாத நோயில் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு, வட்டங்களில் இந்தக் கதையை எடுத்துப் பேசும்போது, அவருக்கு இவ்வளவு தெம்பு எங்கிருந்து வந்தது என்றுதான் முதல் கேள்வி எழுகிறது. நான் கேட்கச் சொல்வது வேறு: படுத்திருப்பவர் இதற்கு முன் எந்த வேலையின் நடுவில் இருந்தார், அதில் இன்று அவரால் முடிந்த துண்டு எது, அந்தத் துண்டுக்கு யாருடைய கை வேண்டும், அந்தக் கைக்குரியவர் எப்போது தூங்குகிறார். கடைசிக் கேள்வியை யாரும் எடித்திடம் கேட்டதாக எந்தப் பதிவிலும் நான் படித்ததில்லை.